மெயினுக்கு எந்தப் பாட்டு? ஒரு வெள்ளவத்தைக் கச்சேரிக்கு முன்னால் நடந்த சண்டை

நவராத்திரியில் ஒரு மாலை, வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் உள்ள மண்டபம், ஒன்றரை மணித்தியாலம். பாடப்போகிறவள் என் அக்காவின் மகள், எனக்குப் பெறாமகள். வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைகளை ஒவ்வொரு தரமாக ஏறி முடித்தவள். ஆனால் பரீட்சகர் முன்னால் பாடுவது வேறு. கடலையும் வடையும் சாப்பிட்டுவிட்டு, மழைக்கு முன் வீட்டுக்குப் போகலாமா என்று யன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும் சனத்துக்கு முன்னால் பாடுவது வேறு. வயலின் நான். மிருதங்கம், என்னை அக்கா என்று கூப்பிடும் ஒரு தம்பி.

வர்ணம், பிள்ளையார் பாட்டு, கடைசித் துக்கடா இவற்றில் எங்களுக்குள் பிரச்சினை இல்லை. சண்டை முழுக்க மெயினில், கச்சேரியின் பெரிய உருப்படியில்தான். ராகத்தை விரிக்கும் ஆலாபனை, கீர்த்தனை, ஒரு வரியையே மாற்றி மாற்றிப் பாடும் நிரவல், சுரங்களைக் கற்பனையாகக் கோர்க்கும் கல்பனாஸ்வரம், மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனம் எல்லாம் சேர்த்து அதற்கு நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிடத்துக்கு ஐந்து பாட்டுகள் போட்டிக்கு வந்தன. ஐந்துக்கும் கதை உண்டு. போதாக்குறைக்கு, ஏற்பாட்டாளர்கள் அனுப்பிய படிவத்தில் ராகம், தாளம், இயற்றியவர் என்ற கட்டங்களுக்குப் பக்கத்தில் ‘பாடலின் பின்னணி’ என்று ஒரு கட்டமும் இருந்தது. அறிவிப்பாளர் வாசிக்கவாம்.

இந்தக் கட்டத்தைப் பார்த்ததும் எனக்குப் பழைய எரிச்சல் ஒன்று கிளம்பியது. சில வருடங்களுக்கு முன் நான் வாசித்த ஒரு கச்சேரியில், மெயினுக்கு முன் அறிவிப்பாளர் போனைப் பார்த்துப் பத்து நிமிடம் கதை வாசித்தார். அரசன் வந்தான், அழுதான், அற்புதம் நடந்தது. எல்லாம் முடிந்து பாடகி வாயைத் திறந்தபோது, சனம் ஏற்கனவே படம் பார்த்து முடித்த முகத்தோடு இருந்தது. பாட்டு அந்தப் படத்துக்குப் பின்னணி இசை ஆகிப்போனது. குளிரூட்டியில் என் தந்திகள் வேறு சுருதி ஏறிவிட்டன.

அதனால் இந்தமுறை நான் வைத்த அளவுகோல் ஒன்றுதான். கதையை யாரும் சொல்லாவிட்டாலும் அது பாட்டுக்குள் எங்காவது இருக்கிறதா? ராகத்திலோ, ஒரு சொல்லிலோ, பாட்டின் போக்கிலோ? இருந்தால் எடுப்போம். மைக்கில் ஒட்டவைக்க வேண்டிய கதை என்றால் அந்தப் பாட்டு வேறொரு நாளைக்கு இருக்கட்டும்.

ஒரு சின்ன உதாரணம். பிள்ளையார் பாட்டாக நாங்கள் எடுத்தது ‘வாதாபி கணபதிம்’. பல்லவப் படை 642 இல் வாதாபியை வென்றபோது படைத்தலைவர் பரஞ்சோதி, பிற்காலச் சிறுத்தொண்டர், அந்தப் பிள்ளையாரைத் தூக்கிக்கொண்டு வந்தார் என்ற கதையை எல்லோரும் சொல்வார்கள். பாட்டில் படையும் இல்லை, வாளும் இல்லை. எனக்குப் பிடித்த கதை வேறு. ஹம்ஸத்வனி, முத்துசுவாமி தீட்சிதரின் தகப்பனார் ராமசுவாமி தீட்சிதர் உருவாக்கிய ராகம். அப்பா கட்டிய வீட்டில் மகன் விளக்கு வைத்திருக்கிறார். அதற்கு அறிவிப்பே தேவையில்லை, முதல் ‘வாதாபி’யிலேயே ராகம் வெளிச்சமாக எழுந்து நிற்கும்.

சரி, மெயினுக்கு வருவோம்.

அக்காவின் தெரிவு ‘எந்தரோ மஹானுபாவுலு’. “ஆருக்கும் தெரிஞ்ச பாட்டாப் பாடினால்தானே சனம் இருக்கும்” என்பது அவளுடைய கட்சி. கேரளத்திலிருந்து ஷட்கால கோவிந்த மாரார் திருவையாற்றுக்கு வந்து, ஜெயதேவரின் அஷ்டபதி ஒன்றை ஆறு காலங்களில் பாடிக் காட்ட, தியாகராஜர் நெகிழ்ந்து ‘எத்தனையோ மகான்கள், அனைவருக்கும் வந்தனம்’ என்றாராம். அந்த இடத்திலேயே பாட்டுப் பிறந்தது என்பார் சிலர். ஏற்கனவே இருந்த பாட்டைச் சீடர்களோடு சேர்ந்து பாடினார் என்பார் சிலர். எப்படியானாலும் கதை பாட்டோடு பொருந்துகிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இது தியாகராஜரின் ஐந்து பெரிய கீர்த்தனைகளான பஞ்சரத்தினத்தில் ஐந்தாவது. நாட்டை, கௌளை, ஆரபி, வராளிக்குப் பிறகு ஸ்ரீராகம். சுரமும், பாட்டின் சொற்களான சாஹித்யமுமாகச் சரணத்துக்குச் சரணம் கட்டி முடித்த கட்டடம். அதில் நிரவலுக்கு இடமில்லை, பாடுகிறவள் தன் கற்பனையைக் காட்டச் சந்து கிடையாது. தியாகராஜர் ஆராதனை நாளில் ஐம்பது குரல் சேர்ந்து பாடும்போதுதான் ‘அனைவருக்கும் வந்தனம்’ என்ற சொல் தன் அளவுக்கு வருகிறது. தனியே ஒருத்தி பாடினால், கல்யாண வீட்டுப் பந்தியில் ஒருத்தர் மட்டும் இருந்து சாப்பிட்ட மாதிரி. அக்காவுக்கு இந்த உவமை பிடிக்கவில்லை.

மிருதங்கத் தம்பி கேட்டது சியாமா சாஸ்திரியின் ‘தேவி ப்ரோவ ஸமயமிதே’. பொப்பிலி கேசவய்யா என்ற வித்துவான் தஞ்சாவூருக்கு வந்து சவால் விட்டதும், அரண்மனைப் போட்டிக்கு முன் சாஸ்திரி தான் பூசை செய்த பங்காரு காமாட்சியின் முன் நின்று ‘காப்பாற்ற இதுதான் சமயம்’ என்று சிந்தாமணி ராகத்தில் பாடியதும், தாளப் போட்டியில் சிம்மநந்தனத்துக்குச் சரபநந்தனத்தால் பதில் சொன்னதும் நல்ல கதைதான். தம்பிக்கு ஏன் பிடிக்கும் என்பதும் தெரியும், தாளக்காரன் கதை அது. ஆனால் சிந்தாமணி அந்த ஒரு பாட்டை வைத்தே அறியப்படுகிற ராகம். அதில் பத்து நிமிடம் ஆலாபனை செய்ய முதிர்ந்த கை வேண்டும். முதல் முழுக் கச்சேரியில் வேண்டாம் என்றேன். அவன் உடனேயே விட்டுக்கொடுத்துவிட்டான், தனி ஆவர்த்தனத்துக்கு இரண்டு நிமிடம் கூடக் கேட்டுக்கொண்டு.

பெறாமகள் முதலில் ஆசைப்பட்டது மழைப் பாட்டுக்கு. தீட்சிதரின் ‘ஆனந்தாமிருதாகர்ஷிணி’, அமிர்தவர்ஷிணி ராகம். எட்டயபுரத்துப் பக்கம் போகும்போது வறண்ட நிலத்தைப் பார்த்து மனம் பொறுக்காமல் பாடினார், மழை கொட்டியது, பிறகு நிற்காமல் பெய்ததால் ‘நிறுத்து நிறுத்து’ என்றும் பாட வேண்டியதாயிற்று என்று சொல்வார்கள். என் அளவுகோலில் இது முழுப்புள்ளி வாங்கும். ‘ஸலிலம் வர்ஷய வர்ஷய வர்ஷய’ என்று தண்ணீரைப் பொழியச் சொல்லும் கட்டளை சாஹித்யத்திலேயே இருக்கிறது. ராகத்தில் ஐந்தே சுரம்: ஸ க ம ப நி. அந்தர காந்தாரம், பிரதி மத்யமம், காகலி நிஷாதம் மூன்றும் கூர்மையானவை, மேலே மேலே தாவிக்கொண்டிருக்கும். மின்னல் மாதிரி என்று ரசிகர்கள் சொல்வது சும்மா இல்லை.

பிரச்சினை கொழும்பு. ஒக்டோபரில் இங்கே மத்தியானம் திரும்பினால் இடியும் மழையும்தான். மண்டப வாசலில் ஒரு பெரிய பிளாஸ்டிக் வாளி வைத்திருப்பார்கள், நனைந்த குடைகளைக் குத்திவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். காலி வீதிக்குக் கீழே இருக்கும் ஒழுங்கைகளில் தண்ணீர் எப்போது ஏறும் என்று சனம் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிற நேரத்தில் ‘பொழி பொழி’ என்று நாங்கள் பாடினால் யார் மன்னிப்பார்கள்? எங்களுக்கு வேண்டியது அந்த ‘நிறுத்து’தான். இது பகிடி, உண்மையான காரணம் வேறு. ரிஷபமும் தைவதமும் இல்லாத அந்த ராகத்தை நாற்பது நிமிடம் இழுத்தால், மூன்றாவது நிமிடத்தில் வந்த பிடியே முப்பதாவது நிமிடத்திலும் வரும். பத்து நிமிடத்துக்கு அழகு, அதற்கு மேல் வறட்சி.

இனி உண்மையிலேயே என்னைக் குழப்பிய பாட்டு: கோபாலகிருஷ்ண பாரதியின் ‘சபாபதிக்கு வேறு தெய்வம்’, ஆபோகி, ரூபகம். பாரதி தியாகராஜரைப் பார்க்கத் திருவையாற்றுக்குப் போகிறார். அங்கே சீடர்கள் ‘மனசு நில்ப சக்தி லேகபோதே’ என்ற ஆபோகிக் கீர்த்தனையைப் பாடிக்கொண்டிருக்கிறார்கள். எந்த ஊர் என்று தியாகராஜர் கேட்க, மாயவரம் என்கிறார். அங்கே கோபாலகிருஷ்ண பாரதி என்று ஒருவர் இருக்கிறாரே, தெரியுமா? நான்தான் அது. அப்படியானால் நீங்கள் ஆபோகியில் ஏதும் பாடியிருக்கிறீர்களா? பாரதி பேசாமல் போய்விடுகிறார். அடுத்த நாள் வந்து பாடியதுதான் ‘சபாபதிக்கு’.

கதை இந்த அளவோடு நின்றுவிடும். ஆனால் இரண்டு பாட்டையும் அடுத்தடுத்து வைத்துக் கேட்டுப்பாருங்கள். மனத்தை நிறுத்தும் சக்தி இல்லாவிட்டால் மணியடித்துப் பூப்போட்டுப் பூசை செய்து என்ன பயன் என்று கேட்கிறது தியாகராஜர் பாட்டு. ‘ஒரு தரம் சிவசிதம்பரம் என்று சொன்னால் போதுமே’ என்கிறது பாரதி பாட்டு. முன்னவர் படியை உயர்த்தி வைக்கிறார். பின்னவர் படியே வேண்டாம், வாசலில் நின்று ஒருமுறை பெயரைச் சொல் என்கிறார். நந்தனாரைப் பாடிய மனிதர் வேறு எப்படிச் சொல்வார்? ஒரே ராகத்துக்குள் மரியாதையாக நடக்கும் ஒரு வாக்குவாதமாகத்தான் இது என் காதில் விழுகிறது. இப்படி வேறு யாரும் கேட்டார்களோ, எனக்கு அப்படித்தான் கேட்கிறது.

மொழியிலும் இதற்கு வலு அதிகம். வெள்ளவத்தையில் முன்வரிசையில் இருக்கும் அம்மாமாருக்கு ஒவ்வொரு சொல்லும் புரியும். சிதம்பரம் என்றால் எங்களுக்கு வேறு ஊரும் அல்ல. ஆறுமுக நாவலர் 1864 இல் அங்கே பாடசாலை வைத்தவர். யாழ்ப்பாணத்துச் சனம் அங்கே மடம் கட்டிப் போய் வந்து பழகிய தலம். ‘சிவசிதம்பரம்’ என்று நிரவல் எடுத்தால் மண்டபத்தில் யாராவது ஒருவர் கைகூப்புவது நிச்சயம்.

பிறகு ஏன் குழப்பம்? அந்த வாக்குவாதம் கேட்க வேண்டுமானால் ‘மனசு நில்ப’ முதலில் வரவேண்டும். ஒரு கச்சேரியில் ஒரு ராகம் ஒருமுறைதான் என்பது எழுதாத சட்டம். நான் கொஞ்சம் துணிந்து, இரண்டையும் பாடிவிடுவோமா என்று கேட்டேன். மிருதங்கத் தம்பி முகத்தைச் சுளித்தான். “அக்கா, பாட்டுக் குறைவு, ஒரே ராகத்தையே திருப்பிப் பாடுதுகள் எண்டு சொல்லுவினம்.” அவன் சொன்னதும் சரிதான். கொழும்புத் தமிழ்ச் சங்கம் மாதிரி ஓர் இடத்தில், பேச்சும் பாட்டுமாக ஒரு மாலை செய்தால் இந்தச் சோடியை வைக்கலாம், சனம் உட்கார்ந்து கேட்கும். தனியே பாடும்போது ‘சபாபதிக்கு’ அருமையான பாட்டு, ஆனால் கதை வெளியே வாசலில் நிற்கும். ஆகவே மெயினுக்கு முந்தின இடம் அதற்கு. பதினைந்து நிமிடம், சின்ன ஆலாபனை, அந்த ஒரு வரியில் நிரவல்.

கடைசியாக ‘மீனாக்ஷி மே முதம் தேஹி’. இதுவும் தீட்சிதர்தான். பூர்விகல்யாணி, தீட்சிதர் வழியில் அதற்குக் கமகக்ரியா என்று பெயர். ஆதி தாளம், ஆறுதலான நடை. ஊர் மறுபடியும் எட்டயபுரம்.

இங்கே வயலின்காரியாக ஒன்று சொல்லாமல் போக முடியாது. எட்டயபுரம் அரண்மனையில் தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் வித்துவானாக இருந்தார். நான் மடியில் வைத்து வாசிக்கும் இந்த வெள்ளைக்கார வாத்தியத்தைக் கர்நாடக சங்கீதத்துக்குக் கொண்டுவந்தவர் என்று சொல்லப்படுபவர் அவர்தான். அண்ணனும் சும்மா இருக்கவில்லை. பட்டாளத்து பாண்டுக்காரர் வாசித்த மெட்டுகளுக்கெல்லாம் சமஸ்கிருதத்தில் சாஹித்யம் போட்டார், நோட்டுஸ்வரம் என்போம். அதில் ‘ஸந்ததம் பாஹிமாம்’ என்பது இங்கிலாந்து அரச கீதத்தின் மெட்டு. பிரித்தானியர் காலத்து இலங்கையில் எழுந்து நின்று கேட்ட மெட்டில் தீட்சிதர் சியாமளாம்பிகையைக் கூப்பிடுகிறார். துக்கடாவாகப் பாடினால் வயதானவர்கள் பாதி எழும்பி, பிறகு சிரித்துக்கொண்டு உட்காருவார்கள். செய்து பார்க்க ஆசைதான்.

மீனாக்ஷிக்கு வருகிறேன். 1835, தீபாவளி நாள், எட்டயபுரம். தீட்சிதர் சீடர்களை இந்தப் பாட்டைப் பாடச் சொல்கிறார். அநுபல்லவியில் ‘மீனலோசனி பாசமோசனி’ என்ற இடம் வருகிறது. திரும்பவும் பாடச் சொல்கிறார். அவர்கள் பாடிக்கொண்டிருக்க, உயிர் பிரிகிறது.

பாசமோசனி என்றால் பாசத்தை அறுத்து விடுவிப்பவள். சாகிறவர் ஏன் அந்த வரியைத் திரும்பக் கேட்டார் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டுமா? லோசனி, மோசனி என்று இரண்டு சொல்லும் ஒரே மாதிரி விழுந்து நிற்பதால், அதே வரிக்கு வேறு வேறு சங்கதி போட்டுத் திருப்பித் திருப்பிப் பாடும்போது ஒரு ஊஞ்சல் போல அந்த இடம் போய் வரும். கதை தெரியாதவருக்கு அது அழகான இடம். தெரிந்தவருக்கு அந்த ஊஞ்சல் நிற்குமோ என்று ஒரு கணம் நெஞ்சு பார்க்கும். இரண்டு பேரும் ஒரே மண்டபத்தில் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருக்கலாம். அறிவிப்பாளருக்கு அங்கே வேலை இல்லை.

மற்றக் கணக்குகளும் இதற்குச் சாதகம். சரணத்தில் ‘வீணாகான தசகமகக்ரியே’ என்று ராகத்தின் பெயரைத் தீட்சிதர் சொல்லுக்குள் ஒளித்து வைத்திருக்கிறார். பத்துக் கமகம், அதாவது சுரத்தை அசைக்கும் பத்து விதம், என்ற பொருளும் கூடவே வரும். அந்த இடத்தில் வயலினுக்கு நல்ல விருந்து. பூர்விகல்யாணி விரிந்த ராகம், முதல் கச்சேரிக்காரிக்கும் கைகொடுக்கும், வழி தவறினால் பஞ்சமத்தில் வந்து உட்காரலாம். நவராத்திரிக்கு மதுரை மீனாட்சி பொருத்தம் என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. மொழி சமஸ்கிருதம், உண்மைதான். ஆனால் வழக்கமாக நிரவல் எடுக்கும் வரி ‘மதுராபுரி நிலயே மணிவலயே’. மதுரையில் இருப்பவளே என்பது எந்த அம்மாவுக்குப் புரியாது?

அக்கா விடவில்லை. “நல்ல நாளில சாவுக்கதைப் பாட்டோ?” நவராத்திரி முடிந்து மூன்று கிழமைக்குள் தீபாவளி என்பதும் அவளுக்கு நினைவிருந்தது. எனக்கு உடனே பதில் வரவில்லை. பெறாமகள்தான் சொன்னாள்: “அம்மா, பாட்டின்ர முதல் வரியே எனக்குச் சந்தோசம் தா எண்டுதானே கேக்குது.” முதம் என்றால் ஆனந்தம், தேஹி என்றால் தா. அதற்கு மேல் அக்கா ஒன்றும் சொல்லவில்லை, தேத்தண்ணி போடப் போய்விட்டாள்.

நிரவலை ‘பாசமோசனி’யிலேயே வைப்போமா என்று ஒரு யோசனை வந்தது. வேண்டாம் என்று நான் பிடிவாதமாக நின்றேன். கதை இருக்கும் வரியில் பத்து நிமிடம் நின்றால், மைக்கில் சொல்லாத கதையைத் தொண்டையால் சொன்ன மாதிரி ஆகிவிடும். இரண்டு முறை பாடு, மூன்றாவது சங்கதியோடு கடந்து போ. நிரவல் மதுராபுரியிலேயே இருக்கட்டும்.

ஆக, கணக்கு இப்படி: வர்ணம் 7 நிமிடம், வாதாபி 8, சபாபதிக்கு 15, விறுவிறுப்பான சின்னக் கீர்த்தனை ஒன்று 6, மீனாக்ஷி 40, துக்கடா 10, மங்களம் 2. கூட்டினால் 88. துக்கடாவில் நோட்டுஸ்வரமும், அக்காவின் மனம் ஆற ‘கற்பகவல்லி’யும். இணுவில் வீரமணி ஐயர் மயிலாப்பூர் அம்மனைப் பாடிய பாட்டு, டி.எம்.சௌந்தரராஜன் குரலில் கேட்டு அது இந்தியப் பாட்டு என்றே பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனந்தபைரவி, ரஞ்சனி என்று ராகப் பெயர்கள் அதிலும் வரிக்குள்ளேயே வரும், தீட்சிதர் செய்த அதே வேலை.

ஞாயிற்றுக்கிழமை அக்காவின் தொடர்மாடி வீட்டில் ஒத்திகை. சுருதி ஐந்தரைக் கட்டை. கடற்காற்றின் ஈரத்தில் மிருதங்கம் இறங்கியிருந்தது. தம்பி கல்லையும் கட்டையையும் எடுத்து விளிம்பைச் சுற்றித் தட்டித் தட்டிப் பார்த்தான், இடப்பக்கத்துத் தொப்பிக்கு ரவையைக் குழைத்து ஒட்டினான், கால் மணித்தியாலம் போய்விட்டது. அநுபல்லவிக்கு வரும்போது கீழே கரையோரப் பாதையில் ரயில் ஊதிக்கொண்டு போனது, எங்கள் பஞ்சமத்துக்கு அரைச்சுரம் மேலே. பெறாமகள் பாட்டை நிறுத்தி, சத்தம் தெஹிவளைப் பக்கம் தேயும்வரை தாளத்தை மட்டும் போட்டுக்கொண்டிருந்து, ‘மீனலோசனி’யில் மறுபடி சேர்ந்தாள். மண்டபமும் ரயில் பாதைக்குக் கிட்டத்தான். அன்றைக்கும் இப்படி நடந்தால் இதையே செய் என்றேன்.

அக்கா அடுப்படி வாசலில் நின்று கேட்டாள். “அந்தாள் போன வரி எது?”

“சொன்னால் நீ அந்த இடத்தில அழுவாய்.”

படிவத்தை அன்றிரவே நிரப்பி அனுப்பினோம். வாதாபிக்கு அப்பா ராகம், மகன் பாட்டு என்று இரண்டு வரி. சபாபதிக்குத் திருவையாற்றுச் சந்திப்புப் பற்றி மூன்று வரி. கற்பகவல்லிக்கு இணுவில் என்று கட்டாயம். மீனாக்ஷிக்கு ராகமும் தாளமும் தீட்சிதர் பெயரும் மட்டும். அடுத்த நாள் காலை ஏற்பாட்டாளர் பக்கமிருந்து ஒரு ஐயா அழைத்தார்.

“தங்கச்சி, மெயினுக்குக் கதை எழுத மறந்துட்டீங்கள் போல.”

“இல்லை ஐயா, மறக்கேல்லை.”